மூன்றாம் சிலிண்டரில் ஆளில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிவீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு போன கிழமை நின்றுபோனது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன், கீழே கார்கள் விடும் இடத்தில் ஒருவர் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு, பழைய பேசின் ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு துண்டாகக் கழுவிக்கொண்டிருக்கிறார். கையில் கீரைப்பிடியோடு அப்படியே நின்றுவிட்டேன். மனிதர் பாவம், என்னை நிமிர்ந்து பார்த்து, "மணம் ஒத்துக்கொள்ளாதம்மா, மேலை போங்கோ. பின்னேரம் தண்ணி வந்திடும்" என்றார். தண்ணீருக்காக நிற்கவில்லை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மண்ணெண்ணெயும் பழைய கிறீசும் கலந்த அந்த மணம் என்னை ஒரே இழுப்பில் எங்கள் ஊரான மயிலிட்டிக்குக் கொண்டுபோய்விட்டது.

மயிலிட்டி என்றால் உங்களுக்கு மீனும் துறைமுகமும் நினைவுக்கு வரும். எங்கள் வீடு கடலில் இருந்து கொஞ்சம் உள்ளே, செம்மண் தொடங்கும் இடத்தில். ஒரு பக்கம் புகையிலைத் தோட்டம், மறுபக்கம் வெங்காயம். வளவின் மூலையில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில், அதற்குள் பச்சை நிறத்தில் ஒரு மோட்டார்க்கார். அந்தச் சுற்றாடலில் கார் வைத்திருந்த வீடுகள் மிகவும் குறைவு. வைத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைவிடப் பணக்காரர்கள். எங்களுக்குக் கார் வந்தது அண்ணையின் பைத்தியத்தால்.

அண்ணைக்கு மலாயாவில் ரயில்வேயில் வேலை. லீவில் வந்தவர் அன்னம் மச்சாளைக் கலியாணம் முடித்தார். முடித்த கையோடு, ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு தோட்டத்து வெள்ளைக்காரனிடம் இந்தப் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்தார். லீவு முடியும்வரை பின்னேரத்தில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்கு விடுவார். மச்சாள் முன்னுக்கு, நானும் அம்மாவும் பின்னுக்கு. முதல் நாளே நான் சத்தி எடுத்து அண்ணையின் புதுச் சால்வையைப் பழுதாக்கினேன். பிறகு பழகிவிட்டது. ஆட்கள் இல்லாத நீட்டு வீதியில் அண்ணை மச்சாளிடம் ஸ்டியரிங் வளையத்தைக் கொடுத்து, "பிடியும், பயப்பிடாதையும், அது உம்மைக் கடிக்காது" என்பார். மச்சாள் பயந்ததாக எனக்கு நினைவில்லை. பயந்தது பின்னால் இருந்த நாங்கள்தான்.

மச்சாளை அடுத்த வருஷம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணை கப்பலேறினார். அடுத்த வருஷம் சப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். கடிதம் நின்றது. எங்கள் பக்கத்தில் மலாயாவில் ஆள் இல்லாத வீடு கிடையாது. ஆகவே ஊரே அப்படித்தான் இருந்தது, தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காதை நீட்டிக்கொண்டு.

காரைக் கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லி அண்ணை ஒரு டிறைவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பெற்றோல் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்த பிறகு அதில் மண்ணெண்ணெயைக் கலக்கத் தொடங்கினார். கார் கறுப்பாய்ப் புகைத்தது, பிறகு இருமியது, பிறகு ஒருநாள் எவ்வளவு சுற்றியும் உயிர் வரவில்லை. டிறைவரும் பலாலியில் பட்டாளத்துக்கு விமானத்தளம் போடுகிற வேலைக்குப் போய்விட்டார். கராஜ்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போனார்கள். கொட்டிலுக்குள் கோழிகள் குடியேறின.

எங்களுக்கு அப்பா இல்லை. குடும்பத்துக்குத் தலை, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய பெரியப்பா. ஒருநாள் காலை அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மச்சாளின் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"பிள்ளை, பட்டணத்திலை இரும்பு வாங்கிற ஆள் ஒருத்தரோடை கதைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வாறார். ஓடாத காரை வைச்சு என்ன செய்யிறது? நீயும் அதைப் பாத்துப் பாத்து…"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். கார் கண்ணில் படாமல் இருந்தால் மச்சாளின் மனம் ஆறும் என்று நினைத்தார். மச்சாளோ அழுகிற ரகம் இல்லை. அவர் சிரிப்பதும் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். அரிசியைக் களைந்தபடியே கேட்டார்.

"பெரியப்பா, அந்தாள் வர முந்தி நாங்கள் ஒருக்கால் திறந்து பாக்கட்டோ?"

"திறக்கவோ? உதென்ன ட்ரங்குப் பெட்டியோ திறக்கிறதுக்கு?"

"ஓடாதெண்டு நீங்களே சொல்லுறியள். இனி என்ன பழுதாகப் போகுது?"

"கையைக் கிய்யை வெட்டிப்போடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டார்.

'நாங்கள்' என்று மச்சாள் சொன்னது அவரையும் என்னையும். நான் அப்போது மிசன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து அங்கேயே படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூட விடுதலைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று ஆசனத்துக்குக் கீழே கிடந்தது. மச்சாளுக்கு இங்கிலீசு தெரியாது, எனக்குக் கார் தெரியாது. "நீர் வாசியும், நான் கழட்டுறன்" என்றார். அவருக்கு அந்தத் துணிச்சல் தையல் மெசினால் வந்தது. சீதனத்தோடு வந்த மெசின் நூலை அறுக்கத் தொடங்கியபோது ஒருவரையும் கேளாமல் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி பூட்டியவர் அவர்.

முதலில் கோழிகளைக் கலைத்தோம். பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு இருவரும் குனிந்து பார்த்தோம். நான் இங்கிலீசு இலக்கியம் படிப்பிக்கிறவள், எனக்கு அது ஒரு மூட்டை இரும்பு. புத்தகத்தில் படம் இருந்தது. படத்தில் இருப்பது எது, எங்கள் முன்னால் இருப்பது எது என்று பொருத்திப் பார்க்கவே அரைநாள் போனது. ஆனால் பொருந்தத் தொடங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. இந்தக் குழாயால் பெற்றோலும் காற்றும் கலந்து போகிறது. நாலு சிலிண்டருக்குள் நாலு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. உள்ளே விடுகிற வால்வு ஒன்று, புகையை வெளியே தள்ளுகிற வால்வு ஒன்று. இரண்டும் இறுக மூடியிருக்கும் நேரத்தில் பொறி விழவேண்டும். வாசிக்க வாசிக்க நான் கத்திக் கத்தி மொழிபெயர்த்தேன். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, கதாப்பிரசங்கமோ?" என்றார்.

எந்தச் சிலிண்டரில் பழுது என்று கண்டுபிடிக்கப் புத்தகம் ஒரு வழி சொன்னது. பொறி தருகிற பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒருவர் முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்ற, மற்றவர் பிளக் இருந்த ஓட்டையில் பெருவிரலை வைத்து அமர்த்த வேண்டும். நான் சுற்றினேன். மச்சாள் விரலை வைத்தார். முதல் ஓட்டையில் காற்று அவருடைய விரலைத் தூக்கி எறிந்தது. அவர் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"பிள்ளை, உள்ளுக்கை உயிர் இருக்கு."

இரண்டாவதும் தள்ளியது. மூன்றாவதில் விரலை வைத்தார். நான் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ஒன்றும் இல்லை. நாலாவது மறுபடி தள்ளியது. திரும்ப மூன்றாவதுக்கு வந்தார். குழந்தை மூச்சு விடுவதுபோல மெல்லிய ஒரு காற்று மட்டும்.

"மூண்டாவதிலை ஆளில்லை" என்றார் மச்சாள்.

எங்களுக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழுது கிடைத்ததற்கு இப்படிச் சந்தோசப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, இனி வயிற்றைத் திறக்க வேண்டியதுதான்.

சிலிண்டர்களுக்கு மேலே கனத்த இரும்பு மூடி ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கினால்தான் உள்ளே பார்க்கலாம். தண்ணீரை இறக்கி, குழாயைக் கழற்றி, நட்டுகளை எல்லாம் முறுக்கி எடுத்த பிறகும் மூடி அசையவில்லை. அலவாங்குக் கம்பியை இடுக்கில் விட்டு மிண்டிக் கிளப்புவோமா என்று நான் கேட்டேன். மிண்டினால் மூடியில் வெடிப்பு விழும் என்று புத்தகம் சொல்கிறது என்பதை நானே வாசித்து நானே மறந்திருந்தேன். அடுத்த பக்கத்தில் ஒரு தந்திரம் இருந்தது. பிளக்குகளை மட்டும் திரும்பப் பூட்டி ஹாண்டிலைச் சுற்றினால், உள்ளே அமுக்கப்படும் காற்றே மூடியைத் தூக்கிவிடுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. மச்சாள் சேலையை இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டு சுற்றினார். 'புஸ்' என்று ஒரு சத்தம். அந்தக் கனத்த மூடி ஒரு நூல் அளவு மேலே எழும்பி நின்றது. எஞ்சின் தானே வாயைத் திறந்துவிட்டது. நான் கைதட்டினேன். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பொன்னுக்கிளி அக்காவும் கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

உள்ளே ஒரே கரி. பிஸ்டன்களின் தலை, கழுவாத தோசைக்கல்லுப் போல. அதுதான் மண்ணெண்ணெய் செய்த வேலை. மூன்றாவது சிலிண்டரின் புகை போகும் வால்வுக்கும் அது இருக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு கரிக்கட்டி செருகிக்கொண்டு, வாய் மூட விடாமல் வைத்திருந்தது. விளிம்பு எரிந்து புள்ளி புள்ளியாகக் கிடந்தது. இவ்வளவுதான். மிளகளவு கரிக்கட்டி ஒன்று, அதற்காக ஒரு முழுக் காரை இரும்பு விலைக்குத் தூக்கப் பார்த்தோம்.

வால்வைக் கழற்றுவதுதான் பொல்லாத வேலை. கீழே ஒரு பலத்த சுருள்வில்லு, அதை அமத்திப் பிடித்துக்கொண்டு சின்ன ஆணி ஒன்றை உருவ வேண்டும். நான் ஒரு கட்டையால் வில்லை மிண்டிப் பிடித்தேன். கட்டை வழுக்கியது. வில்லு துள்ளியது. ஆணியைக் காணவில்லை. வெள்ளி நிறத்தில், நகத்துண்டு போல ஒரு சாமான். அது இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. கொட்டில் நிலம் முழுக்கச் செம்மண்ணும் கோழி எச்சமும். மச்சாள் கொஞ்சமும் யோசிக்காமல் குசினிக்குள் போய்ச் சுளகை எடுத்து வந்தார். இருவரும் நிலத்து மண்ணை அள்ளி அள்ளிப் புடைத்தோம். கண்ணெல்லாம் புழுதி. கொட்டிலின் பாதி மண்ணைப் புடைத்துவிட்டு, முடியாமல் எழும்பி நின்று மச்சாள் சேலையை உதறினார். சேலைக் கொய்யகத்து மடிப்புக்குள் இருந்து 'டிங்' என்று அந்த ஆணி சுளகில் விழுந்தது.

மச்சாள் அதைப் பார்த்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிலத்தில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். கடிதங்கள் நின்ற பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தரம். குசினி வாசலில் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கண்டேன்.

கரியைச் சுரண்ட இரும்பு ஆகாது, பிஸ்டன் கீறுபடும். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து அதன் விளிம்பால் சுரண்டினோம். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும், அதுவும் அளந்துதான் கிடைக்கிற காலம். விளக்குப் போத்தலைக் காலியாக்கினோம். அந்தக் கிழமை வீட்டில் தேங்காயெண்ணெய் விளக்குத்தான். பெரியப்பா பேப்பரை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசித்தார். வால்வின் எரிந்த விளிம்பை அரைத்து மட்டமாக்கும் மா கடையில் இல்லை. மச்சாள் தட்டாரிடம் போய்க் குருந்தக்கல் பொடி வாங்கி வந்து தேங்காயெண்ணெயில் குழைத்தார். அதை விளிம்பில் பூசி, வால்வை இருக்கையில் வைத்து, இப்படியும் அப்படியும் திருகவேண்டும், மத்தால் மோர் கடைவது போல. மாறி மாறிக் கடைந்தோம். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளிம்பில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, வைத்து ஒரு சுற்றுத் திருகி எடுத்தால் எல்லாக் கோடும் அழிந்திருக்க வேண்டும். ஒரு கோடு மிஞ்சினாலும் அந்த இடத்தால் காற்றுப் போகும். மிஞ்சியது. கடைந்தோம். மறுபடி மிஞ்சியது. மறுபடி கடைந்தோம். கடைசியில் எடுத்துப் பார்க்கிறேன், ஒரு கோடும் இல்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளி மோதிரம்போல ஒரு வளையம். பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் மூடியைப் பூட்டி நட்டுகளை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே இரும்பு வியாபாரி மாட்டுவண்டியோடும் ஆட்களோடும் வந்துவிட்டார். நல்ல தடித்த மனிதர், தோளில் சால்வை, சிரித்த முகம். கறுத்த கையோடும் எண்ணெய் பூசிய முகத்தோடும் நிற்கும் இரண்டு பெண்களைக் கண்டு திகைத்துப் போனார். பெரியப்பாவுக்கு வெட்கம்.

"பிள்ளையள் விளையாட்டுக்கு…" என்று இழுத்தார்.

"விளையாடட்டும் ஐயா. கழட்டித் தந்தால் எனக்கும் வேலை மிச்சம்" என்றார் வியாபாரி.

மச்சாள் சேமித்து வைத்திருந்த போத்தல் பெற்றோலை ஊற்றினார். பற்றரி தேவையில்லை, சுற்றினாலே பொறி வருகிற பழைய காலத்து எஞ்சின் அது. ஹாண்டிலைச் சுற்றினார். இல்லை. நான் சுற்றினேன். ஒருதரம் பின்பக்கத்தால் வெடித்தது, அவ்வளவுதான். வியாபாரி தன் ஆட்களுக்குக் கயிறு எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார். மச்சாள் மட்டும் எஞ்சினுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிளக் வயரை ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"எப்பிடிப் பூட்டினீர்?"

"ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு."

"அண்டைக்கு வாசிக்கேக்கை ஒண்டு, மூண்டு, நாலு, ரண்டு எண்டெல்லோ சொன்னனீர்?"

சொன்னேன்தான். பொறி அந்த ஒழுங்கில்தான் விழும் என்று சத்தமாக வாசித்தவளும் நான், நல்ல பிள்ளையாக வரிசைப்படி பூட்டியவளும் நான். மச்சாள் வயர்களை மாற்றினார். வண்டிக்காரன் கயிற்றோடு பக்கத்தில் வந்துவிட்டான். மச்சாள் ஹாண்டிலில் கையை வைத்து ஒரே இழுப்பு.

எஞ்சின் எழும்பியது. முதலில் ஒரு இருமல், பிறகு கொட்டில் நிறைய வெள்ளைப் புகை, பிறகு அந்தச் சத்தம். நாலு சிலிண்டரும் ஒத்துச் சேர்ந்து, தடங்கல் இல்லாமல். கோழிகள் பறந்தன, பெரியப்பா செம்பை விழுத்தினார், கேற்றடியில் நின்ற மாடுகள் மிரண்டு வண்டியையும் இழுத்துக்கொண்டு கடல் பக்கம் ஓட்டம் பிடித்தன.

"ஐயோ, என்ரை வண்டில்" என்றார் வியாபாரி.

"ஏறுங்கோ" என்றார் மச்சாள்.

அவர் ஏறினார். நானும் பின்னுக்குப் பாய்ந்து ஏறினேன். மச்சாள் வளையத்தைப் பிடித்தார். அண்ணை பக்கத்தில் இல்லாமல் அவர் ஓட்டியது அதுதான் முதல். புகையிலைத் தோட்டத்து ஒழுங்கையால், இரண்டு வேலியையும் உரசிக்கொண்டு, பொன்னுக்கிளி அக்காவின் வெங்காயக் கூடையைத் தட்டிக்கொண்டு போனோம். வியாபாரி ஒரு கையால் சால்வையையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, "மெல்லப் பிள்ளை, மாடு போனால் போகட்டும்" என்று கெஞ்சினார். மாடுகள் கடற்கரை மணலில் வண்டி புதைந்து நின்றுகொண்டிருந்தன. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்று பார்த்தார்கள்.

வியாபாரி இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓடுற காரை நான் வாங்கிறேல்லை, பிள்ளை. கொண்டு போங்கோ" என்றார்.

மச்சாள் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்ற பயம். கடலைப் பார்த்தபடி கார் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது, நாங்களும் அதற்குள்ளே நடுங்கிக்கொண்டிருந்தோம். "அவர் வந்தால் சொல்லுறதுக்கு ஒரு கதை இருக்கு" என்றார் மச்சாள், என்னைப் பார்க்காமல்.

அண்ணை வந்தார். சண்டை முடிந்து, ஆள் பாதியாகி, தலை நரைத்து, காங்கேசன்துறை ரயிலில் வந்து இறங்கினார். மச்சாள்தான் காரைக் கொண்டு போனார். அண்ணை பழக்கதோசத்தில் வளையத்துப் பக்கக் கதவைத் திறந்தார். "அங்காலை இருங்கோ" என்றார் மச்சாள். அவர் சுற்றி வந்து மற்றப் பக்கம் ஏறினார். கொஞ்சத் தூரம் போனதும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கவனித்தார்.

"வால்வு அரைச்சிருக்கு. ஆர் செய்தது?"

மச்சாள் வீதியைப் பார்த்து ஓட்டினார். பின்னால் இருந்த நான்தான் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை கதை முடியவில்லை.

அந்தக் கார் பிறகு எத்தனையோ பேரைக் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் சந்நிதிக் கோயில் தேருக்கும் கொண்டுபோய், ஐம்பதுகளில் யாரிடமோ கைமாறிப் போனது. அண்ணை காலமானார். நான் கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தேன். மச்சாள் அந்த வளவிலேயே இருந்தார், ஊர் முழுக்க ஷெல்லுக்குப் பயந்து ஒரே விடியற்காலையில் எழும்பி ஓடிய நாள்வரை. இப்போது மயிலிட்டி பட்டாளத்தின் முள்கம்பிக்கு அப்பால். எங்கள் ஒழுங்கையோ, தோட்டமோ, கொட்டில் நின்ற நிலமோ இருக்கிறதா என்று சொல்ல அங்கே போய் வந்தவர் ஒருவரும் இல்லை.

கடைசியாக மச்சாளைப் பார்த்தது மானிப்பாயில், இடம்பெயர்ந்து வந்து இருந்த வாடகை வீட்டில். கட்டிலோடு இருந்தார். வந்திருந்தவர்கள் ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காங்கேசன்துறை ரயில் பாதையில் தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்களாம், பங்கர்ப் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கியிருக்கிறார்களாம், தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டையும் இல்லையாம். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நித்திரை என்று நினைத்தோம்.

"கழட்டினவங்கள், திரும்பப் பூட்ட அந்த ஆணியளை எல்லாம் எங்கை எடுத்து வைச்சிருக்கிறாங்களாம்?" என்று கேட்டார்.

அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.